புகை யார் பெயரில்

உறுதிமொழி எடுப்பது எப்படி நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மேடையில் ஒருவர் தாளைப் பார்த்து வாசிப்பார். எதிரே நிற்பவர்கள் வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்வார்கள். வாசித்து முடிந்ததும் கையை இறக்குவார்கள். கையோடு உறுதிமொழியும் இறங்கிவிடும்.

மாவட்டக் காலநிலை உணர்த்துகை இயக்ககத்தின் இயக்குநர் லிங்கேஸ்வரனுக்கு இது தீராத உறுத்தலாக இருந்தது. பொறுப்பேற்ற நாளிலிருந்து லட்சக்கணக்கான கைகளை அவர் நீட்ட வைத்திருக்கிறார். வெயில் குறையவில்லை. ஆடி பிறந்தும் ஏலக்காய் மலையில் மழை ஒழுங்காக இறங்கவில்லை. ‘மக்களுக்கு உணர்த்துகிறீர்களா, இல்லையா?’ என்று மேலிடத்திலிருந்து கேட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவர் போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கும் கூடத்தில் ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். மாதிரிக் காய்கள் சின்னத் தட்டுகளில் வரிசையாக வந்தன. வியாபாரிகள் நாலு காயை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தி, நிறம் பார்த்து, முகர்ந்து, அப்படியே கீழே போட்டார்கள். தரையெல்லாம் ஏலக்காய். ஆனால் ஏலத்தில் எடுத்த சரக்கில் ஒரு காயைக்கூட யாரும் சிந்தவில்லை. அதே வாரம், கோயில் திருவிழாவில் ஏலம் எடுத்த எலுமிச்சம்பழத்தை ஒருவர் சுண்டிக் கறுத்த பிறகும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியிருப்பதையும் பார்த்தார். இயக்குநருக்குப் பளிச்சென்று விளங்கியது. இந்த ஊர்க்காரர்கள் சும்மா கிடைத்ததைக் கீழே போடுவார்கள். போட்டியில் ஜெயித்ததை உயிர் போனாலும் விடமாட்டார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் உறுதிமொழி ஏலம். பணம் கிடையாது, காலத்தைத்தான் கேட்க வேண்டும். ஒரு கெட்ட பழக்கத்தை யார் அதிகக் காலம் விட்டுக்கொடுக்கிறாரோ, உறுதிமொழி அவருக்கு. கூடவே பொன்னாடை, பஸ் நிலையத்தில் படத்தோடு பேனர்.

ஏலத்துக்கு ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தார்கள். ஜீப் ஓட்டுநர்கள் தவறாமல் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சாப்பாடு உண்டு என்றும் சொல்லியிருந்ததால் ராமரும் வந்திருந்தார்.

ராமருடைய தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. விடிவதற்கு முன் ராசிங்காபுரத்தில் பதினான்கு பெண்களை ஜீப்பில் ஏற்றுவார். போடியைத் தாண்டி, மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்துப் பக்கம் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் இறக்குவார். காய் எடுத்து முடிந்ததும் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். இந்தப் பதினான்கு பேருக்கும் சேர்த்து ஒரு ‘செட்டு’ என்று பெயர். சீசன் தொடக்கத்தில் ஒரு செட்டு எந்த ஜீப்பில் ஏறுகிறதோ, சீசன் முடியும்வரை அந்த ஜீப்புதான். செட்டு கைமாறிவிட்டால் ஓட்டுநர் அடுத்த ஆடிவரை ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ராமரின் செட்டின் மேல் விஜயகுமார் என்ற இன்னொரு ஜீப் ஓட்டுநருக்கு இரண்டு சீசனாகவே கண்.

ஏலம் கலகலப்பாகத்தான் தொடங்கியது. பிளாஸ்டிக் பை கொடுக்காமையை ஒரு மிட்டாய்க் கடைக்காரர் ஒரு மாதத்துக்கு எடுத்தார். வெந்நீரில் குளியாமையை, வீட்டில் ஹீட்டர் பழுதாகிக் கிடந்த ஒருவர் ஆயுள் முழுவதற்கும் எடுத்துக் கைதட்டல் வாங்கினார். கடைசி உருப்படி, மோட்டார் வாகனத்தைத் தொடாமை. மண்டபம் அமைதியாகிவிட்டது.

போடியில் ஏலப் பொருள் கேட்பாரில்லாமல் நிற்கக் கூடாது. நின்றால் ஊருக்கே கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தில் விஜயகுமார் எழுந்தான்.

“ஒரு நா!”

இந்த இடத்தில் ‘ஏற்றிவிடுதல்’ என்றால் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். ஏலத்தில் நமக்கு வேண்டாத பொருளை வேண்டும் என்பதுபோலக் கேட்டு, பிடிக்காதவனை மேலே மேலே ஏற்றி, உச்சியில் அவனை விட்டுவிட்டு நாம் கழன்றுகொள்வதற்குத்தான் அந்தப் பெயர். ஒரு படி முன்னால் நிறுத்தத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் வித்தை. ராமருக்கு அது தெரியும் என்று ராமர் நினைத்திருந்தார்.

“ஒரு வாரம்” என்றார்.

“என்ன மாப்ளே, கால் நோகாது? ரெண்டு வாரம்!”

“ஒரு மாசம்.”

“ஆடியும் ஆவணியும், ரெண்டு மாசம்!”

இன்னும் ஒரு படி ஏறுவான் என்று ராமர் கணக்குப் போட்டார். அவன் முகத்தில் அப்படியொரு வெறி இருந்தது. “சீசன் முடியிற மட்டும்!” என்று கத்தினார்.

விஜயகுமார் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“ஒரு தரம்” என்றார் மேடையிலிருந்தவர்.

“டேய், கேளுடா” என்றார் ராமர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“எனக்கு எதுக்கு மாப்ளே? ஏங்கிட்டதான் ஜீப்பு இருக்கே.”

“ரெண்டு தரம்.”

“விஜயகுமாரு, வெளாடாத. சோலியைக் கெடுத்துராத.”

“மூணு தரம்!”

பொன்னாடை போர்த்தினார்கள். ஜீப் சாவியை வாங்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

“பெரியோர்களே! பூமியைச் சூடாக்கும் புகை எங்கிருந்து வருகிறது? நம்முடைய ஜீப்பிலிருந்து வருகிறது. நம்முடைய ஜீப் என்றால் உங்களுடைய ஜீப். உங்கள் தவறை உங்களுக்கு எடுத்துச் சொல்வதற்காகவே அரசு எனக்குச் சம்பளம் தருகிறது. இது தவறு குறையக் கூடாது என்பதற்காக அல்ல. குறைய வேண்டும் என்பதற்காகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.”

ராமர் மெதுவாக அருகில் போனார். “ஐயா, பொம்பளையாளுக பதினாலு பேரு என் வண்டிய நம்பித்தான் மலைக்குப் போகுதுக.”

இயக்குநர் பொறுமையாக விளக்கினார். இயக்ககத்தின் முறைப்படி ஒரு வண்டியின் புகை முழுவதும் ஸ்டீயரிங்கைப் பிடிப்பவர் பெயரில் சேரும். உட்கார்ந்திருப்பவர் பெயரில் சேராது. ஆகவே அந்தப் பதினான்கு பெண்களுக்கும் புகை பூஜ்யம். அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. மாவட்டத்திலேயே அதிகப் புகை உள்ள தனிமனிதர்களில் ஒருவர் ராமர்.

“அப்ப ஐயாவோட காரு?”

“நான் பின்னால்தானே உட்காருகிறேன்?” என்றார் இயக்குநர், ஒரு குழந்தையிடம் சொல்வதுபோல.

மறுநாள் விடியற்காலையில் ராசிங்காபுரம் சாலை விலக்கில் பதினான்கு பெண்களும் தூக்குவாளியோடு நின்றார்கள். ராமர் நடந்து வந்தார். செட்டுக்கு மூத்தவர் சுருளியம்மாள்; அவருக்கு ராமர் கொழுந்தன் முறை.

“என்ன கொழுந்தனாரே, பொன்னாடையைப் போத்திக்கிட்டு எங்களைத் தோள்ல தூக்கிட்டுப் போப்போறீகளா?”

“மதினி, ஒரு சின்னச் சிக்கல்.”

“சின்னச் சிக்கலா? பஸ் ஸ்டாண்டுல ஆளுயரத்துக்கு ஒட்டிருக்காக. கும்பிட்டுக்கிட்டு நிக்கிறீக. ஓட்டுப் போடவா, மாலை போடவான்னு தெரியல.”

அந்த நேரம் விஜயகுமாரின் ஜீப் வந்து நின்றது. நாலு பேருக்கு இடம் இருக்கிறதாம். நாலு பேர் ராமரின் முகத்தைப் பார்க்காமல் ஏறிக்கொண்டார்கள். மீதிப் பத்துப் பேர் பஸ்ஸில் போனார்கள். பஸ் போய்ச் சேர்ந்தபோது எஸ்டேட்டில் பேர் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். கங்காணி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

“இன்னொரு நா லேட்டுன்னா வேற செட்டு பார்த்துக்கிறேன்னுட்டாரு” என்றார் சுருளியம்மாள் திரும்பி வந்து. “யப்பு, வயித்துப் பொழப்பு. ஒனக்குப் பாவம் பாத்துக்கிட்டு நிக்க முடியாது. நாளைக்கு ஒரு நா பார்ப்பேன்.”

முந்தலிலிருந்து மேலே குறுக்காக ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது. நடுச்சாமத்திலேயே கிளம்பினால் நேரத்துக்கு ஏறிவிடலாம் என்று ராமர் யோசனை சொன்னார். பத்துப் பேரும் முனகிக்கொண்டே வந்தார்கள். முந்தலில் அவர்களுக்காக இயக்ககத்தின் வேன் காத்திருந்தது. பதினெட்டு இருக்கை வேன். அதில் ஓட்டுநரும், தமிழினி என்ற இளம்பெண்ணும் இருந்தார்கள். மற்ற இருக்கைகளில் துண்டுப் பிரசுரக் கட்டுகள்.

“அண்ணே, நான் கண்காணிப்பு அலுவலர். நீங்க உறுதிமொழியைக் காப்பாத்துறீங்களான்னு பின்னாடியே வந்து பாக்கணும்” என்றாள் தமிழினி. “அந்தப் பாதையில வேன் வராது. அதனால நீங்க ரோட்டுலதான் நடக்கணும்.”

“ரோட்டுல நடந்தா ரெண்டு மடங்கு தூரம் தாயி.”

“தெரியுதுண்ணே. ஆனா பாக்கலைன்னா நீங்க நடந்ததாவே ஆகாது.”

இருட்டில் ஒற்றையடிப் பாதையில் வழி தெரிந்தவர் ராமர் ஒருவர்தான். ஆகவே முன்னால் ராமரும் பத்துப் பெண்களும் ரோட்டிலேயே நடக்க, பின்னால் காலி வேன் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. ஒரு வண்டி மனிதன் நடக்கிற வேகத்தில் மலை ஏற வேண்டுமானால் முதல் கியரிலேயே போக வேண்டும். முதல் கியரில் என்ஜின் படுவேகமாகச் சுற்றும்; சக்கரம் சோம்பலாகச் சுற்றும். டீசல் மட்டும் குடித்துக்கொண்டே இருக்கும். ரேடியேட்டரைக் குளிர வைக்க எதிர்காற்று வேண்டும். நடை வேகத்தில் எதிர்காற்று ஏது? மூன்றாவது வளைவில் வேனின் மூக்கிலிருந்து ஆவி பீறிட்டது.

ஓட்டுநர் சமவெளிக்காரர். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். “மேடம், எனக்கு ஏத்தவும் தெரியாது, எறக்கவும் தெரியாது” என்று சொல்லிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

தமிழினி ராமரைப் பார்த்தாள். ராமர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “நான் தொடக் கூடாது தாயி. ஏலத்துல எடுத்துருக்கேன்.”

அவள் இயக்குநருக்குப் போன் செய்தாள். இயக்குநர் அரைத்தூக்கத்தில் யோசித்து ஒரு விளக்கம் தந்தார். உணர்த்துகைப் பணிக்குச் செல்லும் வாகனத்தின் புகை கணக்கில் வராது. ஏனென்றால் அது புகையைக் குறைப்பதற்காக விடப்படும் புகை. ராமர் ஓட்டலாம். ஆனால் வேனில் பொதுமக்கள் யாராவது இருந்தால்தான் அது உணர்த்துகைப் பணி ஆகும்.

“பொதுமக்களுக்கு எங்க போறது சார்?” என்று தமிழினி கேட்பதற்குள் சுருளியம்மாள் உள்ளே ஏறிப் பிரசுரக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“நாங்க என்ன தனிமக்களா? ஏறுங்கடி வெரசா.”

என்ஜின் ஆறும்வரை பொறுத்து, மூடியில் துணியைச் சுற்றித் திறந்து, தண்ணீர் ஊற்றி, ராமர் வேனை எடுத்தார். கங்காணி முதல் பேரைக் கூப்பிடும்போது பத்துப் பேரும் வரிசையில் நின்றார்கள்.

அதன் பிறகு தினமும் அப்படியே நடந்தது. தான் வண்டி ஓட்டவில்லை என்பதைக் கண்காணிக்கும் வண்டியை ராமர் ஓட்டினார். தமிழினி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘ராமர் இன்றும் சாலையில் ஜீப்புடன் காணப்படவில்லை’ என்று தகவல் அனுப்பினாள். பழைய ஓட்டுநர் பின்னிருக்கைக்குப் போனார். ஸ்டீயரிங்கை விட்டதால் அவர் புகை பூஜ்யமாகி, மாதத்தின் சிறந்த குடிமகனாகத் தேர்வானார். போன நாலு பெண்களும் திரும்பி வந்துவிட்டார்கள். வேனில் சாய்ந்து உட்காரலாம்.

விஜயகுமாருக்கு இது பொறுக்கவில்லை. அவன் தன் டீசலுக்குத் தானே பணம் கொடுத்துக்கொண்டிருந்தான். “சார், நானும் திருந்துறேன்” என்று இயக்குநரிடம் போய் நின்றான். அவனைப் பார்த்து மற்ற ஓட்டுநர்களும் திருந்த முன்வந்தார்கள். இரண்டாவது ஏலம் வைத்தார்கள். எல்லா ஜீப்பும் உறுதிமொழிக்குள் வந்துவிட்டது. ஒவ்வொருவரையும் கண்காணிக்க வண்டி வேண்டுமே. இயக்ககத்திடம் இருந்தது ஒரே வேன். எனவே வாடகைக்கு வண்டி பிடித்தார்கள். மலை ஏறக்கூடிய வாடகை வண்டி போடியில் அந்த ஜீப்புகள்தான்.

இப்போது அதே ஜீப்பை அதே ஆள் அதே நேரத்தில் ஓட்டினார். முன்னால் ஒரு பச்சைப் பேனர் கட்டியிருந்தது. பேனருக்கும், கண்காணிப்பாளருக்கும், பிரசுரத்துக்கும் இடம் விட வேண்டியிருந்ததால் பதினான்கு பேர் போன ஜீப்பில் எட்டுப் பேர்தான் போக முடிந்தது. மீதிப் பேருக்காக வெளியூரிலிருந்து இன்னும் சில ஜீப்புகள் வந்து திருந்த வேண்டியிருந்தது. சாலையில் வண்டி இரட்டிப்பானது. புகை பூஜ்யமானது. போடி–போடிமெட்டுச் சாலையைப் புகையில்லாச் சாலையாக அறிவிப்பது என்று இயக்குநர் முடிவு செய்தார்.

விழா முந்தலில், காலையில். ராமரின் ஜீப் முதன்முதலில் புகையைத் துறந்த வண்டி என்பதால் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். ஓட்டக் கூடாதே, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, மாலை போட்டு, மேடை ஓரத்தில் நிறுத்தினார்கள். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் சாவி. விழா முடியும்வரை எந்த வண்டியும் நகரக் கூடாது என்று உத்தரவு. வேன் மட்டும் நாற்காலி எடுக்கப் போடிக்குப் போயிருந்தது. சாலை நெடுக ஜீப்புகளும் செட்டுகளும் நின்றன.

“உலகமே நம்மைப் பார்க்கிறது!” என்றார் இயக்குநர். “ஒரு சாலை. அதில் இத்தனை வண்டிகள். ஒரு பொட்டுப் புகையில்லை. காரணம், எந்த வண்டியும் ஓடவில்லை. ஓடும்போதும் அப்படித்தான்!”

ராமர் மேடைக்குக் கீழே போய் நின்றார். “ஐயா, பேர் கூப்பிடுற நேரம் நெருங்குது.”

“கடைசியாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன்” என்று இயக்குநர் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த தாளை எடுத்தார். கையில் இன்னும் கனமாகத் தாள் இருந்தது.

சுருளியம்மாள் ராமரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். “யப்பு, இன்னைக்கு விட்டா அந்த ஆளு வேற செட்டைப் போட்ருவாரு. இந்தச் சீசன்ல மழையில்லாம காயே பாதிதான். இருக்கிற காயையாவது நாங்க எடுக்க வேணாமா? நீ ஏலத்துல சீசனைத்தான் எடுத்த, எங்களையுமா எடுத்த?”

ராமர் ஜீப்பில் ஏறினார். போடியில் ஓடும் பழைய ஜீப்புகளுக்குச் சாவி ஒரு மரியாதைக்குத்தான். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு இரண்டு ஒயரை முறுக்கி, மூன்றாவதைத் தொட்டு எடுத்தால் கிளம்பிவிடும். கிளம்பியது. அத்தனை நாள் நின்ற வண்டி, ஊரே பார்க்கும்படி கரும்புகையைக் கக்கியது. பதினான்கு பெண்களும் ஏறினார்கள்.

தமிழினி ஓடி வந்தாள். “அண்ணே, நிறுத்துங்க! நான் இதைக் கண்காணிக்கணும்!”

“வண்டி எங்க தாயி?”

“நாற்காலி எடுக்கப் போயிருச்சு.”

“அப்ப ஏறு.”

சுருளியம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தார். பதினைந்தாவது ஆளாக, இரண்டு தூக்குவாளிகளுக்கு நடுவே முழங்காலை ஒடுக்கிக்கொண்டு தமிழினி போன் செய்தாள். இயக்குநர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் மேடையிலேயே போனை எடுத்தார். மைக் அணைக்கப்படவில்லை, அவர் பேசியது முந்தல் முழுவதும் கேட்டது.

“என்ன? ஓட்டுகிறாரா? மீறிவிட்டாரா?... இதுவரை எவ்வளவோ பேரை உறுதிமொழி எடுக்க வைத்திருக்கிறேன், ஒருவர்கூட மீறியதாகத் தகவல் இல்லை. யாரும் போய்ப் பார்த்ததில்லை என்பது வேறு... நீங்கள் எங்கிருந்து பார்க்கிறீர்கள்?... உள்ளேயிருந்தா?”

கூட்டம் மூச்சு விடாமல் கேட்டது.

“உள்ளே நீங்கள் இருந்தால் அது நம் வாகனம். பொதுமக்கள் இருக்கிறார்களா?... பேனர்?... இல்லையா? துப்பட்டா போட்டிருக்கிறீர்களா?... என்ன நிறம்?... பச்சையா! கட்டுங்கள், கட்டுங்கள்.”

இயக்குநர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “புகையில்லாச் சாலையின் முதல் பயணம் இதோ தொடங்கிவிட்டது!” என்று கொடியை எடுத்து ஆட்டினார். கொடி ஆடியதும் விஜயகுமார் கிளம்பினான். அவன் பின்னால் மற்ற ஜீப்புகள். புகையில் இயக்குநரின் முகம் கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியவில்லை. இருமல் மட்டும் மைக்கில் கேட்டது.

ஜீப் வளைவுகளில் ஏறியது. பதினைந்து பேரின் கனத்தில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, ஒருவரும் விழாமல் போனார்கள். தமிழினி துப்பட்டாவைக் கழற்றி வெளியே நீட்டினாள்.

“கட்டாத ஆத்தா” என்றார் சுருளியம்மாள். “காதைச் சுத்திக்க. மெட்டுல காத்து அடிக்கும்.”

அவள் காதைச் சுற்றிக்கொண்டாள்.

எஸ்டேட்டில் கங்காணி வாசலுக்கு வந்து நின்றார். முதலில் இறங்கியவர் சுருளியம்மாள். கங்காணி பேர் கூப்பிடத் தொடங்கினார். பதினான்கு பேருக்கும் அன்று வேலை உண்டு. ராமர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து மூச்சு விட்டார். வரிசையின் கடைசியில், எங்கே நிற்பது என்று தெரியாமல், காதில் துணி சுற்றிய புது ஆள் ஒன்று நிற்பதைக் கங்காணி பார்த்தார்.

“நீ யாரு செட்டும்மா?”

தமிழினி திரும்பி ஜீப்பைப் பார்த்தாள்.

“ராமர் அண்ணன் செட்டு” என்றாள்.

“அப்ப முழிச்சுக்கிட்டு நிக்காத. கூடையை எடு.”